ஏழு ஐந்திலிருந்து ஏழு ஐம்பது வரை

சுபாஷுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். மண்ணூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கம்பெனி வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்தவர்கள் யாருக்கு நெட் நின்றாலும் அவன் வேலை பார்க்கும் பாபு கேபிள் ஆபீஸுக்குப் பேசமாட்டார்கள். நேராக அவனுக்குத்தான் போன் அடிப்பார்கள். பாதிக் கம்ப்ளெயின்ட்டை அவன் வண்டியை விட்டு இறங்காமலே முடித்துவிடுவான்.

"ரவுட்டர ஆஃப் பண்ணு. பத்து எண்ணு. இப்ப ஆன் பண்ணு. லைட்டு இன்னா கலர்ல எரியுது? பச்சையா? அவ்ளோதான், போ."

ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து வீடு பார்ப்பான். அந்த வேகம்தான் தன் திறமை என்று நினைத்திருந்தான்.

இசக்கிதுரையால் அப்படிப் போன் செய்ய முடியாது. அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தெற்கே மூலைக்கரைப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில், லைனின் கடைசியில் நின்று ஒவ்வொரு கண்ணாடியையும் விளக்கில் காட்டிக் கீறல் பார்த்து அனுப்புவது அவன் வேலை. அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு கண்ணாடி வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். மண்ணூரில் நாகப்பன் வீட்டு மாடியில் குடியிருந்தான். அவன் மனைவி முத்துச்செல்விக்கும் காது கேட்காது. இருவரும் ஒரே பள்ளியில் படித்து, கைகளாலேயே பேசிப் பழகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். மகள் கனிஷ்காவுக்கு ஐந்து வயது. அவளுக்கு மட்டும் காது நன்றாகக் கேட்கும், வாயும் ஓயாது.

2013 மே மாதம், ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் முத்துச்செல்வி மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். இசக்கிதுரை ஷிப்டுக்குப் போய்விட்டால் மண்ணூரில் அவளுக்குத் துணைக்கு யாரும் இல்லை. அவள் போவதற்கு முன்னால் அவன் செய்த ஒரே ஏற்பாடு, நெட் கனெக்‌ஷன். காது கேட்பவர்களுக்குப் போன் போதும். முத்துச்செல்விக்கு எழுத்துக் கூட்டி எழுத வராது என்பதால் மெசேஜும் ஆகாது. இவர்களுக்கு முகமும் இரண்டு கைகளும் முழுதாகத் தெரிய வேண்டும். மொபைலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து விரல்கள் கரைந்துபோகும். அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, மேலே கேமராவை வைத்து, வயர் வழியாக வரும் நெட்டைப் போட்டுக்கொண்டான். அங்கே முத்துச்செல்வியின் தம்பி முப்பிடாதி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடையில் நாலு கம்ப்யூட்டர் உண்டு. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அக்காவை ஓரத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பான். எட்டுக்குள் கடையை மூடவேண்டும். ஆக, ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை புருஷன் பெண்டாட்டிக்கான நேரம்.

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஜூன் கடைசியில் ஒரு நாள், முத்துச்செல்வி கனிஷ்காவின் சேட்டையைச் சொல்வதற்காகத் தூக்கிய கையோடு திரையில் உறைந்து நின்றாள். ரவுட்டரில் மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன. வெளியிலிருந்து வரும் வயருக்கான விளக்கு மட்டும் அணைந்திருந்தது. இசக்கிதுரை ரவுட்டரை அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான். மறுபடியும் அணைத்துப் போட்டான். விளக்கு வரவில்லை. எட்டு மணி ஆகப்போகும்போது தானாக எரிந்தது. அதற்குள் முத்துச்செல்வி வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாளும் அப்படியே ஆயிற்று. அதற்கும் மறுநாள் அவன் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பாபு கேபிள் ஆபீஸுக்கு நடந்து வந்தான். பாபு தாளைப் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுபாஷு, நாகப்பன் வூட்டு மாடில கீறானே, அந்த ஊம. நெட்டு நின்னு நின்னு வருதாம். போய்ப் பாரு."

சுபாஷ் மூன்று மணிக்குப் போனான். முதல் ஷிப்டு முடிந்து இசக்கிதுரை அப்போதுதான் வந்திருந்தான். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. வேகம் பார்த்தான், சரியாக இருந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். இசக்கிதுரை தலையை ஆட்டி மறுத்தான். சுவர்க் கடிகாரத்தைத் தொட்டு ஏழு விரலைக் காட்டினான். பிறகு ரவுட்டர் விளக்கைத் தொட்டு, விரித்த கையைச் சட்டென்று மூடினான்.

சுபாஷுக்குப் புரியாமல் இல்லை. சாயங்காலமானால் எல்லா ரூமிலும் நெட்டைப் போடுவார்கள், கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான். ஏதாவது செய்தது போலவும் இருக்கட்டும் என்று வயரின் நுனியை வெட்டிப் புது முனை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

மூன்று நாள் கழித்து இசக்கிதுரை மறுபடியும் ஆபீஸுக்கு வந்தான். சுபாஷ் போய் வயரையே மாற்றினான். அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். இந்த முறை சுபாஷ் ரவுட்டரைக் கழற்றிவிட்டு, வயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தான். நெட் வந்தது. ரவுட்டரில் செருகினாலும் வந்தது. மணி மூன்றரை, எப்படிச் செருகினாலும் வரத்தான் செய்யும்.

"உன் ரவுட்டர்தான் போச்சு. புதுசு வாங்கிக்க," என்று ரவுட்டரைக் காட்டிக் கையை விரித்தான்.

இசக்கிதுரை ஸ்ரீபெரும்புதூர் போய்ப் புது ரவுட்டர் வாங்கி வந்தான். அன்று மாலையே ஏழு ஐந்துக்கு அந்த விளக்கும் அணைந்தது.

நாலாவது முறை சுபாஷ் போனபோது இசக்கிதுரை ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்தான். இரண்டு பக்கமும் நிறைய நுணுக்கி எழுதியிருந்தது. சுபாஷுக்கு அன்று இன்னும் பத்து வீடு பாக்கி. "பாக்குறேன், பாக்குறேன்" என்று தலையாட்டி, நாலாக மடித்து, கருவிப் பையின் பக்கவாட்டு அறையில் வைத்துக்கொண்டான். போகிறபோது மாடிப்படிக்கு அடியில் குனிந்து, அங்கே ஆணியில் மாட்டியிருந்த பெட்டியை ஒரு பார்வை பார்த்தான். தெருவிலிருந்து வரும் ஒரே வயரை நாலைந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. விளக்குகள் ஒழுங்காகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து வயர் வாங்கும் மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் ஒன்பது மணிக்கு மேல் வந்து நெட் போடுகிறவர்கள். அவர்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை. கஸ்டமர் வீட்டுக் கோளாறு என்று சுபாஷ் ஆபீஸ் நோட்டில் எழுதினான்.

ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழே கால் இருக்கும். சுபாஷ் மண்ணூர் கூட்டுரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். இசக்கிதுரை சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். டீ கொஞ்சம் சிந்தியது.

"யோவ், இரு, இரு. இன்னா?"

இசக்கிதுரை வீடு இருக்கும் திசையைக் காட்டினான். வா என்று இழுத்தான். சுபாஷ் டம்ளரை வைத்துவிட்டு, நாளைக்கு என்று கையைச் சுழற்றிக் காட்டினான். இசக்கிதுரை தன் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தான். பிறகு கையை முன்னால் நீட்டி அசையாமல் வைத்துக் காட்டினான். மறுபடியும் வயிறு. அவன் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்பா. வூட்ல மாசமா கீறாங்க, தெரியும். நாளிக்கு காலைல மொத வேலையா உன் வூடுதான். போ."

தோளில் தட்டினான். இசக்கிதுரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை இருங்காட்டுக்கோட்டையில் பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. நூறு வீட்டுக்கு மேல் நெட் இல்லை. சுபாஷ் அன்று முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அதற்கு அடுத்த நாள் நாகப்பன் வீட்டு மாடி பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருப்பான் என்று திரும்பிவிட்டான். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து நாகப்பனே போன் செய்தார். டிவியில் படம் வரவில்லை. அவரும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குப் போகிறவர். ஆறரைக்கு மேல்தான் வீட்டில் இருப்பார். சுபாஷ் ஏழு மணிக்குப் போனான். செட்டாப் பாக்ஸின் பின்னால் ஒரு வயர் தளர்ந்திருந்தது. அதை முறுக்கிக்கொண்டே கேட்டான்.

"இன்னா நைனா, மாடி பூட்டினு கீது?"

"உனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளைக்கு வயித்துலயே கொழந்த பூட்சாம்பா. ஒம்போதாம் மாசம். கூட வேல செய்ற ஒர்த்தன் வந்து சொன்னான். பாவம், கைய கைய ஆட்டிக்கினு எவ்ளோ சந்தோசமா கீந்துச்சுங்க." நாகப்பன் எழுந்தார். "இரு, மோட்டர போட்டுட்டு வந்துட்றேன். டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல."

அவர் பின்பக்கம் போனார். ஊம் என்று ஒரு சத்தம் எழுந்து வீடு முழுக்க நிறைந்தது. அறையில் எரிந்த ட்யூப் லைட் ஒரு கணம் மங்கி மறுபடியும் தெளிந்தது. சுபாஷ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். முன்வாசல் வழியாக வெளியே வந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்தான்.

பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அதன் கரண்ட் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனான். அது மோட்டாருக்கான ஸ்விட்ச் பலகையில் போய் நின்றது. அங்கே செருகியிருந்த வெள்ளை அடாப்டரை அவன்தான் செருகினான். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு லைன் இழுத்த நாளில், வீட்டுக்குள்ளிருந்து கரண்ட் எடுக்கப் பத்தடி வயர் அதிகம் வேண்டியிருந்தது. சுவரில் துளை போடவேண்டும். இப்போதைக்கு மோட்டார் பலகையில் செருகிவிடுவோம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று செருகிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் அதை நினைக்கவே இல்லை. இப்போது மோட்டார் ஓடும்போது பலகையில் வோல்டேஜ் இறங்கி, அடாப்டர் செத்துக் கிடந்தது.

நாகப்பன் பின்னால் வந்து நின்றார். "இன்னாப்பா தேடுற?"

"மோட்டர எப்பவும் இந்த டைம்லதான் போடுவியா, நைனா?"

"மின்ன காலைலதான் போட்டுகினு இருந்தேன். தண்ணி கீழ எறங்கிப் பூட்சு. பழைய மோட்டரு இழுக்கல. புது போர் போட்டு பெரிய மோட்டரு எறக்கினேன். வேலைக்குப் போய்ட்டு வந்து இப்பத்தான் போட முடியுது. முக்கா மணி நேரம் ஓடினாத்தான் டேங்க் ரொம்பும்."

"புது மோட்டரு எப்ப போட்ட?"

"போன மாசம் இருவத்தஞ்சு, இருவத்தாறு தேதி இருக்கும். இன்னாத்துக்குக் கேக்குற?"

சுபாஷ் கருவிப் பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டான். நாலாக மடித்த தாள் அங்கேயே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தான்.

'ஜூன் 26. 7.05 இல்லை. 7.50 வந்தது. ஜூன் 27. 7.08 இல்லை. 7.52 வந்தது.' வரிசையாக ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறு மாதிரி: 'ஞாயிறு. நல்லா இருக்கு. நிக்கலை.' கடைசியில் கோடு போட்டு ஒரு கேள்வி: 'ஏழு மணி என்ன நடக்குது? நான் பார்க்கிறேன், தெரியலை. நீங்க பாருங்க.'

"ஞாயித்துக்கெழமை மோட்டர எப்ப போடுவ?" என்று கேட்டான்.

"லீவாச்சே. காலையிலியே போட்டு ரொப்பிடுவேன்."

காது கேட்கிற யாராவது அந்த மாடியில் இருந்திருந்தால் இரண்டாவது நாளே சொல்லியிருப்பார்கள், மோட்டார் சத்தம் வந்ததும் நெட் போகிறது என்று. இசக்கிதுரைக்கு அந்தச் சத்தம் இல்லை. அவனிடம் இருந்தது கடிகாரம்தான். அதைப் பார்த்து அவன் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தான். கேட்கக் காது உள்ளவன் எப்போதும் மூன்று மணிக்கே வந்து போனான்.

அன்றைக்கே சுவரில் துளை போட்டு, வீட்டு லைனிலிருந்து கரண்ட் எடுத்து, அடாப்டரை மாற்றிச் செருகினான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டியில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து பச்சையாக நின்றன. எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை.

பாபுவிடம் சொன்னான்.

"சரி பண்ணிட்ட இல்ல? அத்தோட வுடு. போய்ச் சொல்லாத."

"என்னாலதாண்ணா அது..."

"டேய், நெட்டு இல்லன்னா கொழந்த சாவுமா? வயித்துல ஆயிரம் இருக்கும். டாக்டருக்கே தெரியாது. நீ போய் வாயக் குடுத்தா அவன் உன்னிய சும்மா வுடுவானா? ஆபீஸுக்கு வந்து நிப்பான்."

வீட்டில் மனைவி சசிகலாவிடமும் சொன்னான். அவள் "அந்தப் பேப்பரப் படிக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு போனில் யாராவது நெட் இல்லை என்றால், அவன் முதலில் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

ஆகஸ்டில் இசக்கிதுரை திரும்பி வந்தான். தனியாகத்தான் வந்தான். ஒரு நாள் ஆறரை மணிக்கு சுபாஷ் மாடி ஏறினான். கதவு திறந்தே இருந்தது. இசக்கிதுரை பாதியாய் இளைத்திருந்தான். சுபாஷைப் பார்த்ததும் எழுந்து, ரவுட்டரைக் காட்டி, கட்டை விரலைத் தூக்கினான். நெட் இப்போது நிற்பதில்லை, நன்றாக இருக்கிறது என்று காட்டினான். முகத்தில் நன்றி தெரிந்தது. அதைப் பார்த்ததும் சுபாஷுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது.

அவன் மேசையிலிருந்த நோட்டை எடுத்து எழுதினான்.

'தப்பு என்னுடையது. கீழே எங்க பெட்டிக்கு மோட்டார் பலகையில் கரண்ட் எடுத்தது நான். ஏழு மணிக்கு மோட்டார் போட்டதும் நெட் நின்றது. நீங்க கொடுத்த பேப்பர் என் பையிலேயே இருந்தது. நான் படிக்கவில்லை. நீங்க ஊருக்குப் போன பிறகுதான் படித்தேன்.'

இசக்கிதுரை அதை மெதுவாகப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு, மோட்டார் என்ற சொல்லில் விரலை வைத்து மறுபடியும் படித்தான். பிறகு பேனாவை வாங்கினான். வெகுநேரம் எழுதினான். சொற்கள் துண்டு துண்டாக இருந்தாலும் நடந்தது விளங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே முத்துச்செல்விக்கு வயிற்றில் அசைவு இல்லை. அவள் அம்மாவிடம் வயிற்றைக் காட்டினாள். அம்மா வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கனிஷ்காவிடம் கையால் சொன்னாள். கனிஷ்கா ஆச்சியிடம் ஓடிப்போய், "வயித்துக்குள்ள பாப்பா தூங்குதுன்னு அம்மா சொல்லுதா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏழு மணிக்குப் புருஷனிடம் சொன்னால் அவன் தம்பிக்கு மெசேஜ் போட்டு விளக்குவான் என்று அவள் காத்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'காலையிலிருந்து', 'வயிறு' என்று காட்டினாள். அத்தோடு படம் நின்றுவிட்டது. இசக்கிதுரை முப்பிடாதிக்கு மெசேஜ் போட்டான்: 'வயிறு என்ன கேள்.' முப்பிடாதி அக்காவைக் கேட்டான். அவள் வயிற்றைக் காட்டினாள். பசி என்று நினைத்து அவன் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, 'நல்லா இருக்கா, சாப்பிட்டா' என்று பதில் போட்டான். மறுநாளும் ஏழு மணிக்குப் படம் நின்றது. அன்று இசக்கிதுரை பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறினான். காலையில் போய் இறங்கி அவள் கைகளைப் பார்த்த உடனே ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்து ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார்கள்.

கடைசி வரியில், 'டாக்டர் சொன்னார். ரெண்டு நாள் முன்னே வந்தால் ஒருவேளை. ஒருவேளைதான்' என்று எழுதியிருந்தான்.

சுபாஷ் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் இசக்கிதுரை கையை நீட்டி அசையாமல் வைத்துக் காட்டியது அவன் நினைவுக்கு வந்தது. படம் நின்றுவிட்டது என்று சொன்னானா, வயிற்றில் அசைவில்லை என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதா? எதுவாக இருந்தாலும் அன்று அவனோடு போயிருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். தெருமுனையிலேயே சத்தம் கேட்டிருக்கும்.

ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்தது. முப்பிடாதி இப்போது அக்காவுக்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கடையிலிருந்து வயர் இழுத்திருந்தான். முத்துச்செல்வி தலைக்குச் சுற்றிய துண்டோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கனிஷ்கா. சுபாஷ் எழுந்து போகப் பார்த்தான். இசக்கிதுரை அவன் தோளில் கையை வைத்து நாற்காலியில் உட்கார வைத்தான். அழுத்தவில்லை. உட்கார் என்று மட்டும்.

கீழே மோட்டார் ஊம் என்று கிளம்பியது. ட்யூப் லைட் மங்கித் தெளிந்தது. படம் நிற்கவில்லை.

இசக்கிதுரை கைகளால் சொல்ல ஆரம்பித்தான். கீழே என்று காட்டினான். சுழலும் மோட்டாரைக் காட்டினான். வயர், ஏழு மணி, அணைந்த விளக்கு. பிறகு மடித்த தாளைக் காட்டி அதைப் பையில் வைத்தான். கடைசியாக சுபாஷைக் காட்டினான். சைகை ஒன்றும் தெரியாத சுபாஷுக்கும் எல்லாம் புரிந்தது. தான் செய்ததை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

முத்துச்செல்வி கேமராவைப் பார்த்தாள். அவள் கைகள் வேகமாக அசைந்தன. ஸ்பீக்கரிலிருந்து, அந்த அறையில் சுபாஷுக்கு மட்டும் கேட்கும்படி, கனிஷ்காவின் குரல் வந்தது.

"மாமா, நெட்டு மாமா. அம்மா ஒங்ககிட்டதான் கேக்கா. அந்தத் தாளை ஏன் படிக்கலன்னு கேக்கா."

சுபாஷ் வாயைத் திறந்தான். நேரமில்லை என்று சொல்லலாம். பத்து வீடு பாக்கி இருந்தது என்று சொல்லலாம். மற்ற வீட்டுக்காரர்கள் போனில் கத்துவார்கள், உன் அப்பாவால் கத்த முடியாது, அதனால் நீங்கள் கடைசி என்றுகூடச் சொல்லலாம். அதுதான் உண்மை. மூன்றில் எதையும் ஒரு குழந்தையிடம் கொடுத்து அவள் அம்மாவிடம் சொல்லச் சொல்ல அவனால் முடியவில்லை.

"மாமா, அம்மாகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"படிச்சிருக்கணும்னு சொல்லும்மா," என்றான். "மாமா படிச்சிருக்கணும். படிக்கல. அவ்ளோதான்னு சொல்லு."

கனிஷ்கா திரும்பி அம்மாவின் முகத்துக்கு நேரே தன் சின்னக் கைகளை விரித்து, புத்தகம் போலக் காட்டி, இல்லை என்று விரலை ஆட்டினாள். முத்துச்செல்வி அதைப் பார்த்தாள். அவள் சுபாஷைத் திட்டவில்லை, மன்னித்ததாகவும் காட்டவில்லை. மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கனிஷ்கா சிறிது நேரம் காலி நாற்காலியின் பக்கத்தில் நின்றாள். பிறகு தானே அதில் ஏறி உட்கார்ந்து அப்பாவோடு பேச ஆரம்பித்தாள். சுபாஷ் கீழே இறங்கி வந்தான்.

இசக்கிதுரை ஆபீஸுக்கு வந்து சண்டை போடவில்லை. புரட்டாசியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டான். முப்பிடாதியின் கடையில் சேர்ந்துகொண்டதாக நாகப்பன் சொன்னார். போகிற அன்று சுபாஷைத் தேடி வரவும் இல்லை. வருவான் என்று சுபாஷும் எதிர்பார்க்கவில்லை.

சுபாஷ் தான் வைத்த பெட்டிகளை எல்லாம் அந்த மழைக்காலத்துக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றில் ஒன்பதில் மோட்டார் பலகையிலிருந்துதான் கரண்ட் எடுத்திருந்தான். வேலை முடிந்த பிறகு, பாபு திட்டத் திட்ட, ஒன்பதையும் மாற்றினான். கடைசிப் பெட்டி இருங்காட்டுக்கோட்டையில் கனகம் என்கிற அம்மாவின் வீட்டில் இருந்தது. சுவரில் துளை விழுவதைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கோபம்.

"நல்லாத்தானேப்பா ஓடினு இருந்திச்சு? இன்னாத்துக்கு இப்ப வந்து செவுத்த நோண்டுற? யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா," என்றான் சுபாஷ். துளையிலிருந்து கொட்டிய சிமெண்ட் தூளைக் கையாலேயே கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான்.